மாதிரிக்குப் போட்ட எண்

இணையதளப் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, தளம் கட்டுவதைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை ஒரு தொழிற்சாலையில் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்துவந்தேன். அங்கே ஆள் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த சிறிய வெப் டிசைன் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். வடிவமைப்பு எனக்கு வராது. கட்டி முடித்து வெளியே விட்ட தளங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விலை மாறினால் மாற்றுவது, பழைய அறிவிப்பை எடுப்பது, படம் வராவிட்டால் ஏன் என்று பார்ப்பது.

தினமும் காலையில் ஒரு தளத்தைத் திறந்து அதில் எத்தனை பக்கம், எத்தனை இணைப்பு, எத்தனை வேலை செய்யவில்லை என்று எண்ணுவேன். ஸ்டூடியோவில் இதைக் கேலி செய்வார்கள். எண்ணாமல் விட்டால் எனக்கு மனசு அடங்காது. இப்போதும் அப்படித்தான்.

நம் வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை உடனே சரிசெய்யக்கூடியவை. அச்சகத்துக்காரர் ஒரு எழுத்தைத் தவறாக அடித்தால் தாள் வீணாகும். நாம் திருத்தி ஏற்றிவிட்டால் தவறு இருந்த சுவடே தெரியாது. இந்த வசதியால் நமக்குக் கவனம் குறைகிறது. திருத்தி ஏற்றிய பிறகும் தீராத ஒரு தவறைப் பற்றி இங்கே எழுதுகிறேன். தொழில்நுட்பம் இதில் அதிகம் இல்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்கு இரவுப் பேருந்துகள் ஓட்டுபவர். சேலம் பக்கத்துக்காரர். கலாசிபாளையத்தில் அலுவலகம். இணையத்தில் டிக்கெட் வாங்கும் காலம் அப்போது வரவில்லை. வழித்தடம், நேரம், ஏறும் இடம், தொலைபேசி எண் இவை மட்டுமே அவருடைய தளத்தில் இருந்தன. ஐ.டி. கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் அதைத் திறந்து பார்ப்பார்கள்.

ஏறும் இடங்கள் மொத்தம் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். பேருந்து வரத் தாமதமானால் அந்த எண்ணில் விசாரிக்கலாம். தளம் கட்டும்போது ஆறு இடங்களுக்கு எண் கொடுத்தார்கள். கடைசி இடம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலே. அதற்கு மட்டும் அப்புறம் சொல்கிறோம் என்றார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக நின்றால் பார்க்க நன்றாக இருக்காது. எங்கள் வடிவமைப்பாளர் நல்ல கைவேலைக்காரர். அந்த இடத்தில் மாதிரிக்கு ஒரு எண்ணைப் போட்டார். அப்போது பெங்களூரில் ஏழு இலக்க எண்கள். எங்கள் ஸ்டூடியோ எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை வைத்துக்கொண்டு மீதி நான்கை விரல் போன போக்கில் அடித்தார். பார்த்தால் சரியான எண் மாதிரியே இருந்தது. அதனால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பேருந்து முதலாளியிடம் காட்டினார்கள். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தளம் வெளியே போனது. இவையெல்லாம் நான் சேர்வதற்கு முன் நடந்தவை.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காலை நேரத்தில் ஒரு பெண் மாடியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பஸ் கம்பெனிக்கு வெப்சைட் போட்டது இங்கேதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் விரித்தார். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த பக்கம். பக்கத்தின் அடியில், தளத்தை வடிவமைத்தவர்கள் என்று எங்கள் பெயரையும் முகவரியையும் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்வோம். அதன்மேல் விரலை வைத்தார்.

"கீழ உங்க பேரு கீது. மேல என் வீட்டு நம்பர் கீது. ரெண்டும் எப்படி ஒரே பேப்பர்ல வந்துச்சு? அத்த மட்டும் சொல்லுங்க."

அவர் பெயர் சரோஜா. ஜீவனஹள்ளியில் வீடு. பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்கும் ஆயாக்களை அனுப்புவது அவர் தொழில். அவரிடம் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். அலுவலகம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்கு நம்பர் சொல்லுவார்கள், அவ்வளவுதான். அந்தத் தொலைபேசியில் சில மாதங்களாக மாலை ஏழு மணியானால், பஸ் எங்கே வருது, வண்டி கிளம்பிடுச்சா, ஏ.சி. வண்டியா என்று அழைப்புகள். முதலில் எப்போதாவது ஒன்று வந்தது. பண்டிகை நெருங்க நெருங்க விடாமல் வந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீடு. படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்கு அவர் அனுப்பிய கன்னியம்மா என்ற பெண் இரவில் துணை இருந்தார். முந்தின வாரம் ஒரு நாள் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல். வேறு ஆள் அனுப்பச் சொல்லி அந்த வீட்டார் மாலை முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். லைன் கிடைக்கவே இல்லை. மறுநாள் வேறொருவரிடமிருந்து ஆள் எடுத்துக்கொண்டார்கள். கன்னியம்மாவுக்கு வேலை போயிற்று. மூன்று வருஷமாக இருந்த வீடு. இன்னும் எத்தனை வீட்டார் இப்படிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டார்களோ, தெரியாது என்றார். அந்தத் தெரியாத கணக்குதான் என்னை மிகவும் உறுத்தியது.

ரமேஷ் உள்ளே இருந்து வந்தார். ஸ்டூடியோ அவருடையது. என்னைவிட இருபது வயது சிறியவர். வடிவமைப்பாளரையும் கூப்பிட்டார். வடிவமைப்பாளர் தாளை எடுத்துப் பார்த்தார். அது டம்மி நம்பர் என்றும், உண்மையான நம்பர் வரும்வரை சும்மா போட்டுவைப்பது வழக்கம் என்றும் விளக்கினார்.

"சும்மா போடறதா இருந்தா உங்க நம்பரையே போட்டிருக்கலாமே. அதுவும் நம்பர்தானே" என்றார் சரோஜா.

நான் கணினியின் பக்கம் திரும்பினேன்.

ஒரு மணி நேரத்தில் நான் எல்லாவற்றையும் திருத்தினேன். அந்த எண் ஒன்பது பக்கங்களில் இருந்தது. ஒன்பதிலும் எடுத்துவிட்டு, அவரை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினேன். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். ரமேஷ் மன்னிப்புக் கேட்டார். காபி வரவழைத்தோம். அவர் குடிக்கவில்லை, ஆனால் கோபம் கொஞ்சம் இறங்கித்தான் போனார்.

நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தார். அழைப்புகள் குறையவில்லை, கூடியிருந்தன.

இந்த முறை விசாரித்தோம். பேருந்து அலுவலகத்தில் புது டிக்கெட் புத்தகம் அடிக்கக் கொடுத்தபோது, பின்பக்கத்தில் போடவேண்டிய எண்கள் எல்லாம் வெப்சைட்டில் இருக்கின்றன, அதைப் பார்த்து அடித்துவிடு என்று அச்சகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் எல்லா ஏஜென்ட்டுகளிடமும் போயிருந்தன. ஐ.டி. பிள்ளைகள் யாரோ தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்காக எல்லா பஸ் எண்களையும் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்ப, அது கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் விவரம் தரும் வேறு நான்கு தளங்கள் எங்கள் அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. நான்கு பேருக்கும் எழுதினேன். மூன்று பேர் எடுத்தார்கள். நான்காமவர் பதிலே போடவில்லை.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் திருத்துவது நம்மிடம் இருக்கும் பிரதியை மட்டும். ஊரார் எடுத்துக்கொண்டுபோன பிரதிகளுக்கு நம் கை எட்டாது. யாராவது பிழை என்று வந்து சொன்னால், நம் பக்கத்தைத் திருத்திவிட்டு, அதை யார் யார் எடுத்திருப்பார்கள் என்று அன்றைக்கே தேட வேண்டும். நான் அந்த நான்கு நாளும் தேடாமல் இருந்தேன்.

சரோஜாவிடம் ஒன்று கேட்டேன். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டால் அரை நிமிஷம்தானே ஆகும், லைன் ஏன் அவ்வளவு நேரம் அடைபட்டிருக்கிறது என்று. கணக்கு எனக்கு உதைத்தது.

"சொல்லிப் பார்த்தேன் சார். ஒரு நாளு ஒரு பொண்ணு பேசுது. அத்திபெலேல எஸ்.டி.டி. பூத்தாண்ட நிக்குது. பூத்துக்காரன் கடை சாத்தணும்ன்றான். பஸ்ஸு வரல. அழுவுது. அதுகிட்டப் போயி ராங் நம்பர்னு சொல்ட்டு எப்படி வெக்கறது? அந்தப் பூத்து நம்பரை வாங்கிக்கினு, பஸ் ஆபீசுக்கு அடிச்சு, நாலு வார்த்தை கேட்டு, வண்டி பொம்மனஹள்ளி தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சுக்கினு, திரும்ப அதுக்கு அடிச்சுச் சொன்னேன். அன்னிலேந்து பொண்ணுங்க கூப்பிட்டா இத்தான் என் வேலை. பேஜாராப் போச்சு."

ரமேஷ் அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு அன்று பிற்பகலே கலாசிபாளையம் போனார். பேருந்து முதலாளி மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் டிக்கெட் புத்தகங்களைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசறது நல்லா இருக்குன்னு பாசஞ்சருங்களே சொல்றாங்க. பேசாம நீங்களே எடுத்துப் பதில் சொல்லீருங்க. மாசம் ஒரு தொகை குடுத்தர்றேன். உங்களுக்கும் ஒரு வருமானமாச்சுங்களே."

ரமேஷ் என்னைப் பார்த்தார். நல்ல வழிதானே, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்ற பார்வை. நான் சரோஜாவைப் பார்த்தேன்.

"என் ஃபோனுக்கு யாரு அடிக்கறாங்க தெரியுமா?" என்றார் அவர். "புள்ள பெத்த வீட்டுலேந்து அடிப்பாங்க. நாளைக்கோ மறுநாளோன்னு இழுத்துக்கினு கெடக்கற வீட்டுலேந்து அடிப்பாங்க. அவங்க அடிக்கறப்போ நான் ராசிபுரம் பஸ்ஸு பத்திப் பேசினு இருக்கணுமா?"

அப்படியானால் வேறு நம்பர் வாங்கித் தருகிறேன், செலவு என்னுடையது என்றார் முதலாளி.

"என் நம்பரை வீட்டு வீட்டுக்குச் செவுத்துல எழுதி வெச்சுக்கீறாங்க. கேலண்டர்ல எழுதி வெச்சுக்கீறாங்க. அத்தெல்லாம் நீங்க போயி அழிச்சு எழுதுவீங்களா?"

அறையில் எல்லாருமே நியாயமாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் மாறவேண்டியவர் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாளாகவே இருந்தார். தவறில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. இப்படி ஒரு கூட்டத்தில் நீங்களும் ஒரு நாள் உட்காருவீர்கள். எது சுலபம் என்று எல்லாரும் தேடும்போது, யாருக்குச் சுலபம் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அப்போது ஒரு விஷயம் தட்டுப்பட்டது. அந்த எண்ணை எடுத்தாயிற்று. அதன் இடத்தில் போட வேண்டிய எண் எது? யாரும் இன்னும் சொல்லவே இல்லை. அத்திபெலேயில் உங்கள் ஆள் யார் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"அங்க ஆள் எதுக்குங்க? டிரைவர் நிறுத்தி ஏத்திக்குவாரு."

அதாவது அங்கே யாரும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. தளம் கட்டியபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், ஏன் காலியாக இருக்கிறது என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். முதலாளியே கேட்டிருப்பார். மாதிரிக்குப் போட்ட எண், அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டது. எல்லைச் சாலையில் பெட்டியோடு நிற்கும் பெண்களுக்குப் பதில் சொல்ல, ஜீவனஹள்ளியில் சம்பளம் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

நான் பொதுவாக வாடிக்கையாளர் முன்னால் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். நாளைக் காலைக்குள் அத்திபெலேக்கு ஒரு எண் கொடுங்கள், கொடுக்காவிட்டால் தளத்தில் அத்திபெலேக்கு எதிரே, இங்கே எங்கள் ஆள் யாரும் இல்லை, விசாரிக்க எண்ணும் இல்லை என்று எழுதிவிடுவேன் என்றேன்.

முதலாளியின் முகம் மாறியது. "அப்படிப் போட்டா எவனுங்க அங்க ஏறுவான்?"

நிலைமை அதுதானே என்றேன்.

"சைட்டு என்னுது. என்ன எழுதறதுன்னு நான் சொல்லணும். வேற யாராச்சும் பார்த்துக்குவாங்க, விடுங்க" என்றார்.

அவர் மூலமாக வேறு மூன்று போக்குவரத்துக் கம்பெனிகள் எங்களிடம் வந்திருந்தன. எங்கள் ஸ்டூடியோவின் வேலையில் பாதி அது. ரமேஷுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். இதெல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. ரமேஷ் முதலாளியின் பக்கம் திரும்பினார். பிறகு, "தளம் உங்களோடதுதான் சார். அடியில எங்க பேர் இருக்கு. அதைப் பார்த்துத்தான் இவங்க எங்களைத் தேடி வந்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, தன்னிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று ரமேஷ் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரி. நீங்கள் யாரும் நான் செய்த மாதிரி செய்ய வேண்டாம். முதலில் உங்கள் ஆளிடம் சொல்லிவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் பேசுங்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு முதலாளியே கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தன் கண்டக்டர் ஒருவரின் கையில் ஒரு செல்போனைக் கொடுத்து, மாலை ஆறு மணியிலிருந்து கடைசி வண்டி போகும்வரை அத்திபெலேயில் ஒரு டீக்கடையில் உட்கார வைக்க ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டு, ஃபோனை வைத்துவிட்டு, அந்த எண்ணுக்கு நானே அடித்தேன். அந்தக் கண்டக்டர் எடுத்தார். அத்திபெலேதானா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு தளத்தில் ஏற்றினேன். அன்றிலிருந்து கூப்பிட்டுப் பார்க்காத எந்த எண்ணையும் நான் தளத்தில் ஏற்றியதில்லை. வேலையில் நான் வைத்துக்கொண்ட ஒரே கண்டிப்பான விதி இது.

தளத்தின் முதல் பக்கத்தில் ஒரு திருத்தம் போட வேண்டியிருந்தது. இந்த எண் தவறு, இது ஒரு வீட்டின் எண் என்று நான் எழுதியதை, அன்று மாடிக்கு வந்திருந்த சரோஜா பார்த்துவிட்டு, மறுபடியும் என் நம்பரையே போடுவீர்களா என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. திருத்தம் சொல்கிறோம் என்று பிழையை இன்னொரு முறை பரப்ப இருந்தேன். அத்திபெலேக்கு டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள், சரியான எண் இது என்று மாற்றினோம். பேருந்து அலுவலகத்திலிருந்து ஏஜென்ட்டுகளிடம் ஆள் அனுப்பி, மீதி டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் பழைய எண்ணைப் பேனாவால் அடிக்கச் சொன்னார்கள். சும்மா ஒரு கோடு போட்டால் போதாது, படிக்கவே முடியாமல் அடிக்க வேண்டும் என்று சரோஜா சொல்லியனுப்பினார். அவர் சொன்னபடி கறுப்பு மார்க்கர் வாங்கிக் கொடுத்தார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு நானும் ரமேஷும் போய் நடந்ததைச் சொன்னோம். அந்த வீட்டு மருமகள் பொறுமையாகக் கேட்டார். அன்று மாலை பட்ட பாட்டைச் சொன்னார். புதிதாக வந்த ஆயாவை நிறுத்த முடியாது, அவளும் பிழைக்க வந்தவள்தானே என்றார். வேறெங்காவது ஆள் கேட்டால் சரோஜாவின் பெயரைச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். கன்னியம்மாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சில விஷயங்கள் அப்படியே நின்றுவிடுகின்றன.

பேருந்துத் தளம் அடுத்த ஆண்டு வேறொருவரிடம் போனது. மற்ற மூன்று கம்பெனிகளும் எங்களிடமே இருந்தன. ஏன் என்று எனக்குத் தெரியாது.

தீபாவளி முடிந்தது. புது டிக்கெட் புத்தகங்கள் வந்தன. இருந்தாலும் எனக்குக் கவலை. அந்த மின்னஞ்சல் இன்னும் எங்கெல்லாம் சுற்றுகிறதோ, அந்த நான்காவது தளத்தை எத்தனை பேர் பார்க்கிறார்களோ. சரோஜாவின் லைன் கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரு திங்கட்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. அவர் எடுத்தவுடன் வைத்துவிட்டேன். லைன் கிடைக்கிறதா என்பதுதானே கேள்வி, அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு முறை கூப்பிட்டேன். புதன்கிழமை ஒரு முறை. வியாழக்கிழமை எத்தனை முறை அடித்தாலும் எங்கேஜ்டு. பேருந்து அழைப்புகள் மறுபடி ஆரம்பித்துவிட்டன என்றே முடிவு செய்தேன். கடைசியில் லைன் கிடைத்தது. இந்த முறை வைக்காமல், நான் யார் என்று சொல்லி, பஸ் விசாரிப்புகள் இன்னும் வருகின்றனவா என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் நின்னு போச்சு சார். இவ்ளோ நேரம் ஃப்ரேசர் டவுன்ல ஒரு வீடு, ரெட்டைக் குழந்தை, அதுக்குப் பேசினு இருந்தேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "திங்கக்கெழமைலேந்து யாரோ அடிச்சு அடிச்சுப் பேசாம வெக்கறான். அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ அது ஒண்ணுதான் பாக்கி. வைங்க சார். வீட்டுக்காரங்க கூப்பிடுவாங்க."

வைத்துவிட்டேன்.